முதல் ஆல்பம் சூப்பர் ஹிட்... இரண்டாவது ஏன் சறுக்குது? மான்செஸ்டர் பேண்டும் திருப்பூர் ‘ரிப்பீட் ஆர்டர்’ பாடமும்

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். முதல் ஆர்டரை நல்லபடியா முடிச்சுக் கொடுப்பது ஒரு சவால். அதைப் பார்த்து திருப்தியான பையர், ‘போன தடவை மாதிரியே வேணும்’ என்று ரிப்பீட் ஆர்டர் போடும்போதுதான் அடுத்த சவால் ஆரம்பம். அதே நூல் கிடைக்காது. டையிங்கில் ஷேட் கொஞ்சம் மாறும். பழகிய டெய்லர் வேறு யூனிட்டுக்குப் போயிருப்பார். ஆனால் பையர் கையில் பழைய பீஸ் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துத்தான் புதியதைப் பார்ப்பார்.

இசை உலகத்திலும் இதே சிக்கல் உண்டு. முதல் ஆல்பத்தில் உச்சத்துக்குப் போகும் சுயாதீன இசைக்குழுக்கள், அதாவது இண்டி பேண்டுகள், இரண்டாவது ஆல்பத்தில் தடுமாறுவது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. இதற்கென்றே ‘செகண்ட் ஆல்பம் சிண்ட்ரோம்’ என்று ஒரு பெயரே இருக்கிறது.

திறமை ஒரே ஆல்பத்தோடு தீர்ந்துபோகுமா? இல்லை, வேறு ஏதாவது நடக்குதா? இதற்கு உலகமே உதாரணமாகச் சொல்லும் ஒரு பேண்ட் இருக்கிறது. அதன் ஊர், கொங்கு மண்டலத்துக்குப் பழக்கமான பெயர்தான்: மான்செஸ்டர்.

*பருத்தி ஊரில் பிறந்த பேண்ட்*

கோவையை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்வார்கள். 2009-ல் தனி மாவட்டம் ஆகும்வரை திருப்பூர் நகரமும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. அசல் மான்செஸ்டரும் ஒரு காலத்தில் உலகத்துக்கே பருத்தித் துணி அனுப்பிய ஊர். 1980-களில் அங்கே அந்தப் பழைய மில் காலம் முடிந்திருந்தது. வேலை இல்லாத இளைஞர்கள் ஏராளம். அந்தக் காலத்தில்தான் அந்த ஊர் இசைக்குப் பேர்போன ஊராக மாறியது.

1983-ல் அங்கே உருவான பேண்ட் ‘தி ஸ்டோன் ரோசஸ்’. பாடகர் இயன் பிரவுன், கிடாரிஸ்ட் ஜான் ஸ்கொயர், பேஸ் கிடார் மானி, டிரம்ஸ் ரெனி என்ற நால்வர் அணி புகழ்பெற்றது. 1989 மே மாதம், பேண்டின் பெயரையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பம் வந்தது. வந்த உடனே தரவரிசையில் உச்சிக்குப் போகவில்லை. மெல்ல மெல்ல, வாய்வழியாகப் பரவியது. 1990 மே 27-ல் ஸ்பைக் ஐலண்ட் என்ற இடத்தில் நடந்த கச்சேரிக்கு சுமார் 27 ஆயிரம் பேர் திரண்டார்கள். பிற்பாடு 2006-ல் என்.எம்.இ. என்ற பிரிட்டன் இசை இதழ், சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு முதலிடம் கொடுத்தது.

இன்னொரு சுவாரஸ்யம். அந்தப் பேண்டைச் சுற்றி உருவான இசை அலைக்கே ‘பேகி’ என்றுதான் பெயர். காரணம், ரசிகர்கள் போட்ட தொளதொள டி-ஷர்ட்டும் பேன்ட்டும். இன்றைக்குத் திருப்பூரில் ‘ஓவர்சைஸ்’ என்று ஓடும் மாடலுக்கு ஒரு வகையில் அண்ணன் அது.

*அப்புறம் என்ன ஆச்சு?*

இரண்டாவது ஆல்பம் ‘செகண்ட் கமிங்’ வெளிவந்தது 1994 டிசம்பர் 5-ல். நடுவில் ஐந்தரை வருடம் ஓடிவிட்டது. 1990 ஜூலையில் ‘ஒன் லவ்’ பாட்டு வந்த பிறகு, நான்கு வருடத்துக்கும் மேல் புதுப் பாட்டே இல்லை.

ஆல்பம் பிரிட்டன் தரவரிசையில் 4-ம் இடம் பிடித்தது. அதிலிருந்து வந்த ‘லவ் ஸ்ப்ரெட்ஸ்’ பாட்டு 2-ம் இடம் வரை போனது. எண்களை மட்டும் பார்த்தால் இது தோல்வியே கிடையாது. ஆனால் கேட்டவர்களில் பலர் ஏமாந்துபோனார்கள். முதல் ஆல்பத்தில் இருந்த துள்ளலும் இளமையும் குறைந்து, கனமான கிடார் ராக் முன்னுக்கு வந்திருந்தது. முதல் பாட்டே 11 நிமிடத்துக்கு மேல். பாடகர் குரல் வருவதற்குள் நாலு நிமிடம் தாண்டிவிடும்.

அதற்குப் பின் சரிவுதான். 1995-ல் ரெனி விலகினார். அதே ஆண்டு கிளாஸ்டன்பரி விழாவில் முக்கியக் கச்சேரி செய்ய வேண்டிய நேரத்தில், ஸ்கொயர் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டதால் பேண்ட் பின்வாங்கியது. 1996-ல் ஸ்கொயரும் விலகினார். அதே ஆண்டு அக்டோபரில் பேண்டே கலைந்தது.

இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு ஒரே ஒரு காரணம் கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*காரணம் 1: சாம்பிளுக்குக் கிடைத்த நேரம் பல்க்குக்குக் கிடைக்காது*

முதல் ஆல்பத்தை எழுத வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கும், இரண்டாவதுக்குச் சில மாதங்கள்தான் என்பது இசைத்துறையில் பழகிப்போன பேச்சு.

ஸ்டோன் ரோசஸ் முதல் ஆல்பத்தில் உள்ள ‘ஐ வான்னா பி அடோர்டு’, ‘திஸ் இஸ் தி ஒன்’ ஆகிய பாட்டுகளை அவர்கள் 1985-லேயே ஒரு தடவை பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். 1989 வரை அதே பாட்டுகளைச் சின்னச் சின்ன மேடைகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கூட்டம் எந்த இடத்தில் ஆடுது, எந்த இடத்தில் பேச ஆரம்பிக்குது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். கேட்பவர்களுக்கு அது முதல் ஆல்பம். பேண்டுக்கு அது பல வருட உழைப்பிலிருந்து பொறுக்கி எடுத்த சரக்கு.

பின்னலாடைக்காரர்களுக்கு இது உடனே புரியும். சாம்பிள் பீஸை ஒரு அனுபவமுள்ள சாம்பிள் டெய்லர் பொறுமையாக முழுசா தைப்பார். சரியில்லை என்றால் பிரித்து மறுபடி தைக்கலாம். பல்க் அப்படி இல்லை. லைனில் ஒருவர் தோள் மூட்டுவார், இன்னொருவர் கை ஏற்றுவார், இன்னொருவர் கழுத்து அடிப்பார். ஷிப்மென்ட் தேதி கழுத்தில் உட்கார்ந்திருக்கும். லேபில் ஓகே ஆன நிறம், பெரிய மெஷினில் டன் கணக்கில் துணி சாயம் ஏறும்போது ஒரு நூல் மாறித்தான் நிற்கும்.

இரண்டாவது ஆல்பத்துக்கும் அதே நிலைமை. பாட்டு மேடையில் பழுக்க நேரம் இருக்காது. நேராக ஸ்டூடியோவுக்குப் போகும்.

*காரணம் 2: அவசரத்தில் போட்ட கையெழுத்து*

‘நேரம் இல்லை என்கிறீர்களே, இவர்களுக்குத்தான் ஐந்து வருடம் இருந்ததே?’ நியாயமான கேள்வி. அந்த ஐந்து வருடத்தில் பெரிய பங்கை விழுங்கியது ஒரு ஒப்பந்தம்.

பெயர் தெரியாத காலத்தில் ‘சில்வர்டோன்’ என்ற இசை நிறுவனத்தோடு பேண்ட் ஒப்பந்தம் போட்டிருந்தது. புகழ் வந்த பிறகுதான் அதில் இருந்த சங்கதி உறைத்தது. பேண்டை நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தம் அது. வேறு நிறுவனத்துக்குப் போக முயன்றபோது சில்வர்டோன் நீதிமன்றம் போனது. வேறு யாருக்கும் பதிவு செய்யத் தடை வந்தது. 1991 மே மாதம் தீர்ப்பு பேண்டுக்குச் சாதகமாக வந்தது. ஒரு பக்கம் கை ஓங்கிய நிறுவனம், மறுபக்கம் அனுபவமில்லாத இளைஞர்கள். இந்த ஒப்பந்தம் தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் கட்டுப்படுத்துகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு ‘கெஃபன்’ என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தில் பேண்ட் சேர்ந்தது.

வழக்கில் ஜெயித்தாகிவிட்டது. ஆனால் சூடு ஆறிப்போச்சு. ஒரு பேண்ட் உச்சத்தில் இருக்கும்போது மேடையும் ஸ்டூடியோவும்தான் அதன் இடம். இவர்கள் இருந்தது வக்கீல் அலுவலகத்தில்.

*காரணம் 3: நாலு பேர் பாட்டு, ஒருத்தர் தோளில்*

முதல் ஆல்பத்தின் பாடல்களுக்கு பிரவுன், ஸ்கொயர் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை எழுதியது ஸ்கொயர் மட்டும். இடைப்பட்ட காலத்தில் கையில் பணம் வந்தது, குடும்பம் வந்தது, ஆளுக்கொரு ஊரில் வீடு வந்தது. முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தவர்கள் தனித்தனியாக ஆனார்கள்.

வேல்ஸில் இருக்கும் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவு மாதக்கணக்கில் இழுத்தது. முதல் ஆல்பத்தைத் தயாரித்த ஜான் லெக்கி பாதியிலேயே விலகினார். வேறு ஆட்கள்தான் முடித்தார்கள். ரிப்பீட் ஆர்டரில் கட்டிங் மாஸ்டரும் மாறி, டெய்லரும் மாறினால் பீஸ் எப்படி வரும்? அதேதான்.

*காரணம் 4: ‘அதே மாதிரி வேணும், ஆனா புதுசா வேணும்’*

இந்த இடத்தில்தான் இசையும் பனியனும் பிரிகின்றன. பையருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே ஜி.எஸ்.எம்., அதே அளவு, அதே நிறம். மாற்றம் இருந்தால் அது குறை.

ரசிகர் கேட்பது இரண்டு. முதல் ஆல்பம் தந்த உணர்வு அப்படியே வேண்டும். ஆனால் கேட்ட பாட்டையே திரும்பக் கேட்ட மாதிரி இருக்கவும் கூடாது. மாற்றாமல் விட்டால் ‘பழசையே அரைக்கிறாங்க’. மாற்றினால் ‘மாறிட்டாங்கப்பா’.

இரண்டு பக்கமும் உதாரணம் உண்டு. நியூயார்க்கின் ‘தி ஸ்ட்ரோக்ஸ்’ 2001-ல் முதல் ஆல்பத்தால் புகழ் பெற்றது. 2003-ல் வந்த இரண்டாவது, முதல் ஆல்பத்தின் தடத்திலேயே போகிறது என்ற விமர்சனத்தைச் சந்தித்தது. ‘எம்.ஜி.எம்.டி.’ என்ற இன்னொரு அமெரிக்கக் குழு 2010-ல் இரண்டாவது ஆல்பத்தில் வேண்டுமென்றே பாதையை மாற்றியது. முதல் ஆல்பத்தின் துள்ளல் பாட்டுகளுக்காக வந்த ரசிகர்களில் பலர் குழம்பிப்போனார்கள்.

*காரணம் 5: கொஞ்சம் கணக்கும் இருக்கு*

பலர் யோசிக்காத காரணம் இது. ஒரு பேச்சுக்கு, நூறு பேண்டுகள் முதல் ஆல்பம் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றிரண்டுதான் பெரிய ஹிட் ஆகும். அந்த ஒன்றிரண்டில் திறமையும் இருக்கும், கூடவே சரியான நேரம், சரியான ஆட்கள், கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த முறை திறமை அப்படியே இருக்கலாம். மற்ற எல்லாமும் மறுபடி ஒன்றுகூடும் என்று உத்தரவாதம் இல்லை.

ஒரு மாணவர் ஒரு தேர்வில் 98 வாங்கினால், அடுத்த தேர்வில் 92 வாங்க வாய்ப்பு அதிகம். அவர் மக்கு ஆகிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. 98 என்பதே அபூர்வமான நாள். இதைப் புள்ளியியலில் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்பார்கள். பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 19-ம் நூற்றாண்டில் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை அளந்து இதைக் காட்டினார். ரொம்ப உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் அவர்கள் அளவுக்கு இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். முதல் ஆல்பம் ஓடாத பேண்டின் இரண்டாவது ஆல்பத்தை யாரும் ‘சறுக்கல்’ என்று சொல்வதில்லை. உச்சத்துக்குப் போனவர்களை மட்டுமே எடுத்துப் பார்ப்பதால், இறக்கம் பெரிதாகத் தெரிகிறது.

*அப்போ எல்லாருக்கும் இதுதான் கதியா?*

இல்லவே இல்லை. ராக்ஃபீல்டு ஸ்டூடியோவிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

‘செகண்ட் கமிங்’ வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன், 1994 ஆகஸ்ட்டில், அதே மான்செஸ்டரைச் சேர்ந்த ‘ஒயாசிஸ்’ தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அது பிரிட்டனில் நேராக முதலிடம். 1995-ல் அதே ராக்ஃபீல்டுக்குப் போய், சில வாரங்களிலேயே இரண்டாவது ஆல்பத்தின் பதிவை முடித்தார்கள். அந்த அக்டோபரில் வெளிவந்தது. முதல் ஆல்பத்தைத் தூக்கிச் சாப்பிட்டு, பிரிட்டனில் எக்காலத்திலும் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றானது.

அதே ஊர். அதே ஸ்டூடியோ. ஏறக்குறைய அதே காலம். ஒன்று மாதக்கணக்கில் இழுத்து உடைந்தது, இன்னொன்று சூடு ஆறும் முன் அடித்தது. ‘நிர்வாணா’வும் ‘ரேடியோஹெட்’டும் கூட முதல் ஆல்பத்தைவிட இரண்டாவதில்தான் பெரிதாக மதிக்கப்பட்டன. ஏமி வைன்ஹவுஸ் உலகப் புகழ் அடைந்தது 2006-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில்தான்.

ஆக, இது தலைவிதி இல்லை. சூழ்நிலை.

*தமிழ்நாட்டில் நிலைமை என்ன?*

இங்கே கதை கொஞ்சம் வேறு. தமிழில் சுயாதீன இசைக்கு இரண்டாவது ஆல்பம் சறுக்குவதைவிடப் பெரிய பிரச்சினை, இரண்டாவது ஆல்பத்துக்கு முன்னாடியே சினிமா அழைத்துக்கொள்வது.

கோவையைச் சேர்ந்த ஆதி, ஜீவாவுடன் சேர்ந்து நடத்தும் ‘ஹிப்ஹாப் தமிழா’ நல்ல உதாரணம். யூடியூபில் ஒரு பாட்டு வைரலாகி, 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம் வந்தது. 2015-ல் ‘ஆம்பள’ படம் மூலம் இசையமைப்பாளர்களாக அறிமுகம். அதே ஆண்டு ‘தனி ஒருவன்’. 2017-ல் சுயாதீன இசைக்காகப் போராடும் கல்லூரி இளைஞன் கதையை ‘மீசைய முறுக்கு’ என்று ஆதியே இயக்கி நடித்தார். அவர்களுக்கு அடுத்த கட்டம் என்பது இன்னொரு ஆல்பமாக இல்லாமல் வெள்ளித்திரையாக ஆனது. சம்பளமும் கூட்டமும் அங்கே இருக்கும்போது அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தச் சிக்கலும் இங்கே உண்டு. 2021-ல் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் முழுக்கப் பரவியது. 2024-ல் அதன் இசையோடு தொடர்புடைய சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். பாட்டு ஹிட் ஆவதும், பாட்டுக்காரர் கையில் காசு சேர்வதும் வேறு வேறு என்பது அப்போது பலருக்குப் புரிந்தது.

*கையெழுத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை*

பகலில் மெர்ச்சண்டைசர் வேலை, ராத்திரி ஹெட்போன் மாட்டி பீட் போடும் இளைஞர்கள் கொங்கு மண்டலத்திலும் இருக்கிறார்கள். மான்செஸ்டர் கதை அவர்களுக்குச் சொல்லும் விஷயங்கள் இவை.

• எல்லாப் பாட்டையும் முதல் ஆல்பத்திலேயே கொட்ட வேண்டாம். நல்ல பாட்டு நாலை ஒதுக்கி வைத்தால், அடுத்த முறை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

• புதுப் பாட்டை ஸ்டூடியோவுக்கு முன் மேடையில் வாசித்துப் பார்க்கணும். பல்க்குக்கு முன் சாம்பிள் அப்ரூவல் வாங்கற மாதிரி.

• பாட்டின் உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம், எந்த நாடுகள் என்று பார்க்கணும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, காலம் குறிப்பிடவில்லை என்றால் அது 5 வருடம்; இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். ஆனால் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கை கொடுக்காது.

• தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கான ‘எங்களுக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. அதனால், பிறகு கோர்ட்டில் பார்த்துக்கலாம் என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

• பாடல் எழுதுபவரும் இசையமைப்பவரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேரலாம். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பாட்டு ஒலிக்கும்போது வரவேண்டிய ராயல்டியை வசூலித்துத் தரும் அமைப்பு அது.

*கடைசியில் என்ன ஆனது?*

ஸ்டோன் ரோசஸ் கதை 1996-ல் முடிந்துவிடவில்லை. 2011 அக்டோபரில் நால்வரும் மறுபடி ஒன்றுசேர்வதாக அறிவித்தார்கள். 2012-ல் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று நாள் கச்சேரி. விற்ற டிக்கெட்டுகள் 2 லட்சத்து 20 ஆயிரம். வந்தவர்களில் பெரும்பாலோர் பாடக் காத்திருந்தது முதல் ஆல்பத்துப் பாட்டுகளை.

ஆனால் ‘செகண்ட் கமிங்’ ஆல்பத்துக்கும் இன்று தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடக் காத்திருப்பு, வழக்கு, எதிர்பார்ப்பு எதுவும் தெரியாமல் முதல்முறையாகக் கேட்பவர்களுக்கு அது ஒரு நல்ல ராக் ஆல்பம்தான்.

பழைய பீஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஷேட் வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்த்தால் அதுவும் நல்ல நிறம்தான்.